எந்த லினக்ஸ்? தமிழ் எழுதுவோர் முன்னுள்ள கால் நூற்றாண்டு வினா

"எந்த லினக்ஸ் வழங்கலை நிறுவுவது?" என்னும் வினா ஆய்வு மாணவரிடையே அண்மைக்காலத்தில் மீண்டும் எழுந்துள்ளது. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 கோரும் வன்பொருள் இல்லாத, ஆனால் நன்றாக இயங்குகின்ற மடிக்கணினிகள் பலருடைய கைகளில் இருக்கின்றன. அவற்றைக் கழித்துக்கட்ட மனமில்லாதவர்கள் லினக்ஸை நாடுகிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் விடையோ பெரும்பாலும் ஒரு பெயர்ப்பட்டியல்தான்: உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா.

தமிழில் எழுதுவோருக்கு இவ்வினா புதியதன்று. கால் நூற்றாண்டுக்கு மேலாக நாம் இதனைக் கேட்டுவருகிறோம். நமக்கெனத் தனி வழங்கல் வேண்டும் என்று ஒரு தரப்பும், பொது வழங்கல்களில் தமிழைச் சேர்த்தால் போதும் என்று மற்றொரு தரப்பும் இக்காலம் முழுவதும் உழைத்திருக்கின்றன. இவ்விரு உழைப்புகளில் எது நிலைத்தது என்பதை அறிந்தால் தேர்வு எளிதாகும் என்பதே இப்பதிவின் கருத்து.

முதலில் வழங்கல் என்பது யாது எனத் தெளிவோம். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் அறிவித்த லினக்ஸ், ஓர் இயங்குதளத்தின் கருனி மட்டுமே. அதனோடு 1983 முதல் ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னெடுத்த குனூ திட்டத்தின் கருவிகள், திரையமைப்பு, எழுத்துருக்கள், செயலிகள் ஆகியன சேர வேண்டும். இவற்றைத் திரட்டி, ஒன்றோடொன்று பொருந்தச் செய்து, நிறுவத்தக்க வடிவில் தருவதே வழங்கல். ஸ்லாக்வேரும் டெபியனும் 1993இல் தோன்றின. உபுண்டு 2004இல் டெபியனை அடியாகக் கொண்டு வந்தது. ஆக, வழங்குவோர் பெரும்பாலும் தொகுப்பாசிரியர்களே. பாடம் வேறிடத்திலிருந்து வருகிறது. அவ்விடத்தை இங்கே மூலத் திட்டம் என்று குறிப்பிடுகிறேன்.

இனி 1990களின் நிலையைப் பார்ப்போம். தமிழ் எழுத்துகளுக்கு ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டிலேயே இடம் ஒதுக்கப்பட்டது. எனினும் அதனைத் திரையில் சரியாகக் காட்டும் மென்பொருள் அப்போது இல்லை. எனவே தமிழர்கள் 8 பிட் குறியேற்றங்களை வகுத்துக்கொண்டனர். 256 இடங்களில் முதற்பாதி ஆங்கிலத்துக்கும் மறுபாதி தமிழுக்கும் என்பது அவற்றின் பொது அமைப்பு. பல நாட்டுத் தமிழர்கள் இணையத்தில் கலந்துரையாடி உருவாக்கியது திஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டின் வழியே டாம், டாப் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தமிழ்நாட்டரசின் ஏற்பைப் பெற்றன.

இந்த ஏற்பாட்டின் எல்லையைப் பெங்களூரில் இருந்து பார்த்தால் எளிதில் விளங்கும். நான் வசிக்கும் லிங்கராஜபுரத்தில் வீட்டுமொழி தமிழ், பள்ளிமொழிகளுள் ஒன்று கன்னடம், அலுவல்மொழி ஆங்கிலம் என வாழும் குடும்பங்கள் ஏராளம். மறுபாதி முழுவதையும் தமிழுக்குக் கொடுத்துவிட்ட குறியேற்றத்தில் கன்னடத்துக்கு இடமில்லை. தமிழும் ஆங்கிலமும் மட்டும் போதும் என்னும் சூழலில் திஸ்கி நல்ல தீர்வாக இருந்தது. தமிழ்ச் சொல்லையும் அதற்கு இணையான கன்னடச் சொல்லையும் அவ்வவற்றின் எழுத்தில் ஒரே பட்டியலில் எழுத வேண்டிய மொழியியல் மாணவருக்கு அது போதாது.

வேறொரு சிக்கலும் இருந்தது. திஸ்கி, எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமித்தது. 'கெ' என்பதில் முதலில் கொம்பு, பின்னர் ககரம். ஒருங்குறியோ ஒலிப்பு வரிசையைப் பின்பற்றுகிறது: முதலில் மெய், பின்னர் உயிர்க்குறி. கொம்பை முன்னே நகர்த்துவதும், 'கொ' என்பதன் இரு கூறுகளை மெய்யின் இருபுறமும் நிறுத்துவதும் காட்டும் மென்பொருளின் பணி. அச்சுக்கோப்பவரின் பார்வைக்கும் இலக்கணியின் பார்வைக்கும் உள்ள வேறுபாடு இது. ஒருங்குறியைத் தேர்ந்தால் இலக்கணியின் வழி கிட்டும். ஆனால் அதற்கான உழைப்பை ஒவ்வொரு மூலத் திட்டத்திலும் செலுத்தியாக வேண்டும்.

2000களின் முற்பகுதியில் அவ்வுழைப்பு நிகழ்ந்தது. சென்னையில் 'ழ கணினி' திட்டமும், பல நாடுகளில் பரவியிருந்த தன்னார்வலர்களும் கேடிஈ முதலிய மென்பொருள்களின் இடைமுகத்தைத் தமிழாக்கினர். 2002இல் குனூ சி நூலகத்தில் திஸ்கியை ஒருங்குறியாக மாற்றும் நிரல் சேர்ந்தது. எழுதியவர் ஜெர்மானியரான புரூனோ ஹைபிள். 2004இல் ரெட் ஹாட் நிறுவனம் லோகித் எழுத்துருக்களைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. தமிழும் அவற்றுள் ஒன்று. ஜப்பானில் உருவான எம்17என் தொகுப்பில் தமிழ்99, தட்டச்சு, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு முதலிய உள்ளீட்டு முறைகள் இடம்பெற்றன. எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் பணியை இன்று ஹார்ஃபஸ் என்னும் நூலகம் செய்கிறது. க்னோம், லிப்ரே ஆபிஸ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றும் அதனையே நம்பியுள்ளன.

இவற்றுள் எதுவும் 'தமிழ் லினக்ஸ்' என்னும் பெயரில் வரவில்லை. ஆயினும் முதன்மையான மேசைக்கணினி வழங்கல் எதனை நிறுவினாலும் இவை கிடைக்கின்றன.

பெங்களூரிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களின் முயற்சியில் உருவான சிம்ப்யூட்டர் என்னும் கையடக்கக் கணினி லினக்ஸில் இயங்கியது. இந்திய மொழிகளுக்கென்றே திட்டமிடப்பட்டது. அது சந்தையில் நிலைபெறவில்லை. ஆனால் அதற்கென எழுதப்பட்ட 'த்வனி' என்னும் பேச்சொலி மென்பொருள் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்து, பிற்காலத்தில் பிறரால் வளர்த்தெடுக்கப்பட்டது. கருவி மறைந்த பின்னும் நிரல் வாழ்ந்தது. 2001இல் லினக்ஸ் பெங்களூர் எனத் தொடங்கி, பின்னர் ஃபாஸ் டாட் இன் எனப் பெயர் மாறி 2012 வரை நடந்த மாநாடும் இத்தகைய பங்களிப்பாளர்களை ஒருங்கே கூட்டிய களமாகும்.

தனி வழங்கல் முயற்சிகளையும் நடுநிலையோடு மதிப்பிட வேண்டும். எல்காட் நிறுவனத்தின் மேலாண் இயக்குநராக உமாசங்கர் இருந்தபோது, 2007ஆம் ஆண்டளவில், அந்நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. அதே ஆண்டில் சென்னை சி-டாக் மையம் டெபியனை அடியாகக் கொண்ட பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழ்நாட்டரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் நிறுவப்பட்டிருந்தது. 2014இல் விண்டோஸ் எக்ஸ்பியின் ஆதரவு முடிவுக்கு வந்தபோது அரசுத் துறைகளுக்குப் பாஸ் பரிந்துரைக்கப்பட்டது. பல்லாயிரம் மாணவர்களின் கையில் முதன்முதலாக ஒரு லினக்ஸ் சென்று சேர்ந்தது இவ்வாறுதான். அது சிறிய செயலன்று.

எனினும் சேர்ந்தது வேரூன்றியதா? அருகிலுள்ள கேரளத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். 2001இல் தொடங்கிய 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் சில ஆண்டுகளில் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. பாடநூல், ஆசிரியர் பயிற்சி, தேர்வு ஆகிய மூன்றும் அதனோடு பிணைக்கப்பட்டன. அடித்தளம் டெபியனிலிருந்து உபுண்டுவுக்கு மாறியபோதும் கல்வி தடைபடவில்லை. அங்கு நிலைத்தது பழக்கமும் பயிற்சியும். வழங்கலின் பெயர் அன்று. தமிழ்நாட்டில் மடிக்கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. பாடமும் பயிற்சியும் இரண்டாவதைச் சுற்றி அமையவில்லை. பயன்படுத்தும் தேவை எழாதபோது எந்த வழங்கலும் வட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் ஒரு பகுதியாகவே எஞ்சும்.

இவ்வரலாற்றிலிருந்து இன்றைய தேர்வுக்கு வருவோம். மூலத் திட்டங்களில் தமிழ் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டதால் 'எதில் தமிழ் வரும்?' என்னும் கேள்வி பெரிதும் காலாவதியாகிவிட்டது. இன்று கேட்கத்தக்கவை மூன்று.

முதலாவது, ஆதரவுக் காலம். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு 5 ஆண்டுகள் பாதுகாப்பு இற்றைகள் கிடைக்கும். முனைவர் பட்ட ஆய்வின் காலமும் ஏறத்தாழ அதுவே. லினக்ஸ் மின்ட் அப்பதிப்புகளை அடியாகக் கொண்டது. விண்டோஸில் பழகியவருக்கு அதன் திரையமைப்பு அயலாகத் தோன்றாது. டெபியனின் நிலையான பதிப்புக்கு 3 ஆண்டுகளும், நீட்டித்த ஆதரவோடு மொத்தம் 5 ஆண்டுகளும் உண்டு. ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாதங்களே. புதிய மென்பொருளை விரைவில் விரும்புவோருக்கு அது ஏற்றது. ஆய்வேட்டின் இறுதி ஆண்டில் இருப்பவருக்கு அன்று.

இரண்டாவது, வன்பொருள். 32 பிட் செயலி மட்டுமே உள்ள மிகப் பழைய கணினிகளுக்கு வழிகள் குறுகிவருகின்றன. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13இல் அவற்றுக்கான நிறுவியே இல்லை. 64 பிட் செயலி இருந்து நினைவகம் குறைவாக இருப்பின் எக்ஸ்எஃப்சிஈ போன்ற எளிய மேசைத்தளத்தைத் தேர்வது நலம்.

மூன்றாவது, உங்கள் பணிக்குரிய சோதனை. வழங்கலைப் பென்டிரைவில் ஏற்றி, வட்டில் நிறுவாமலேயே இயக்கிப் பார்க்கலாம். அப்போது தமிழ்99ஐ அமைத்து ஒரு பத்தி தட்டச்சிடுங்கள். தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். பின்னர் 'மனம், மரம், அறம், அலை' என்னும் நான்கு சொற்களை அகரவரிசைப்படுத்துங்கள். மரபு வரிசையில் அலை, அறம், மரம், மனம் என வர வேண்டும். 'அறம், அலை, மனம், மரம்' என வந்தால், மென்பொருள் தமிழ் நெடுங்கணக்கைப் பின்பற்றாமல் ஒருங்குறி எண்வரிசையைப் பின்பற்றுகிறது என்று பொருள். மொழிக்குரிய வட்டார அமைப்பைத் தமிழுக்கு மாற்றிவிட்டு மீண்டும் சோதிக்க வேண்டும். சொல்லடைவு தயாரிப்போருக்கு இது சிறு செய்தியன்று.

ஆதரவு முடிந்தது என்பதற்காக ஒரு கணினியைக் கைவிடும் முன் அதிலுள்ள பழைய கோப்புகளையும் எண்ணிப் பாருங்கள். 2000களின் திஸ்கிக் கோப்புகள் துறை அலமாரிக் குறுந்தட்டுகளில் இன்னும் கிடக்கக்கூடும். குனூ சி நூலகத்தைக் கொண்ட எந்த வழங்கலிலும் 'ஐகன்வ்' என்னும் கட்டளை திஸ்கியை யுடிஎஃப்-8 வடிவுக்கு மாற்றித் தரும். பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிட்டவற்றுக்கு இவ்வசதி இல்லை. தனி மாற்றிகளைத் தேட வேண்டும். எவ்வளவோ பரவலாக வழங்கிய அவ்வெழுத்துருக்களுக்குக் கிட்டாத பாதுகாப்பு திஸ்கிக்குக் கிட்டியதற்குக் காரணம், அது வெளிப்படையாக வரையறுக்கப்பட்டு, ஒருவரால் மூலத் திட்டத்தில் சேர்க்கப்பட்டமையே.

ஆகவே என் பரிந்துரை சுருக்கமானது. புதிதாக வருவோர் மின்டையோ உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பையோ தேர்க. பழகியவர்கள் டெபியனைத் தேர்க. எதைத் தேர்ந்தாலும் கோப்புகளை ஒருங்குறியில், திறந்த வடிவங்களில் சேமித்துவருக. வழங்கலை மாற்ற நேர்ந்தால் இழப்பு இராது.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. அகரவரிசையில் பிழை கண்டால், எழுத்து சிதைந்து தோன்றினால், கலைச்சொல் பொருந்தாது எனத் தோன்றினால், அதனை நண்பரிடம் குறைகூறி விட்டுவிடாமல் உரிய மூலத் திட்டத்துக்குத் தெரிவியுங்கள். இலக்கணமும் மொழியியலும் கற்றோர் அங்கே மிகக் குறைவு. நாம் அங்கே சேர்க்கும் ஒரு திருத்தம், எந்த வழங்கலைத் தேர்ந்த தமிழருக்கும் அடுத்த பதிப்பில் சென்று சேரும்.