பொம்மையும் அச்சும்

விருத்தாசலத்துச் செராமிக் பட்டறை ஒன்றினுள் நுழைந்து பார்த்தவர்கள் அறிவார்கள்: அங்கே காத்து வைக்கப்படும் பொருள் பொம்மையன்று, அச்சு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்த இரு பாதிகளைச் சேர்த்துக் கட்டி, களிமண் கரைசலை உள்ளே ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, மண் அதன் உட்சுவரில் படிந்து தடிக்கும். மிஞ்சிய கரைசலைக் கவிழ்த்துவிட்டுச் சற்றுப் பொறுத்து அச்சைப் பிரித்தால் பிள்ளையார் நிற்பார். அவரைக் காயவைத்துச் சூளையில் சுட்டு யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். பழகியவர்க்குச் சும்மாவும் கொடுக்கலாம். அச்சைத் தாருங்கள் என்று கேட்டால் மட்டும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் வேப்பூரில் வாழ்ந்துகொண்டு மென்பொருள் உரிமங்களைப் பற்றி எழுதப் புகும் நமக்கு இந்த உவமை தானாகவே வந்து வாய்த்தது. தமிழைக் கணினிக்குள் கொண்டுசேர்த்தவற்றுள் பெரும்பகுதி இலவசமாகக் கிடைத்தது. ஆனால் ‘இலவசம்’ என்ற ஒரே சொல்லுக்குள் பொம்மையைக் கொடுத்தவர்களும் அடக்கம், அச்சைக் கொடுத்தவர்களும் அடக்கம். எது நிலைத்தது, எது அழிந்தது என்று இன்று திரும்பிப் பார்க்கும்போது, விலை ஒரு பொருட்டாகவே இல்லை. கூடவே வந்த நிபந்தனை வரிகளே பொருட்டாக இருந்திருக்கின்றன. அவற்றை அன்று எவரும் படிக்கவில்லை. ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்திவிட்டு மேலே சென்றோம்.

அச்சையும் சேர்த்துக் கொடுப்பது என்ற கொள்கைக்கு ஒரு தொடக்கநாள் உண்டு. 1983 செப்டம்பர் 27 அன்று ரிச்சர்ட் ஸ்டால்மன் ‘குனு’ திட்டத்தை அறிவித்தார். அதன் பொது உரிமம் 1989இல் முதற் பதிப்பாகவும், 1991இல் இரண்டாம் பதிப்பாகவும், 2007இல் மூன்றாம் பதிப்பாகவும் வெளிவந்தது. சாரம் எளிது. நிரலை எவரும் இயக்கலாம், படித்தறியலாம், திருத்தலாம், திருத்தியும் திருத்தாமலும் பிறர்க்கு வழங்கலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் பெற்றுக்கொள்பவருக்கு மூலநிரலையும் இதே உரிமைகளையும் தந்தாக வேண்டும். ‘விலையில்லை’ என்ற சொல்லே அதன் மையத்தில் கிடையாது. தமிழில் இதற்குக் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று பெயர் சூட்டியவர்கள் இலவசம் என்ற சொல்லை விலக்கியது நல்ல மொழியுணர்வு என்றே நாம் கருதுகிறோம்.

இணையம் பரவத் தொடங்கிய 1995ஆம் ஆண்டையொட்டி வேறொரு வகைக் கொடையும் பெருகியது. மேட் ரைட் என்னும் அமெரிக்க இளைஞர் வலைத்தளங்களுக்கான நிரல்துண்டுகளை எழுதி இலவசமாக வழங்கினார். வருகைப் பதிவேடு, வருகையாளர் எண்ணிக்கை காட்டி, படிவத்தில் நிரப்புவதை மின்னஞ்சலாக அனுப்பும் ‘ஃபார்ம்மெயில்’ முதலியன அவை. உலகெங்கும் எண்ணற்ற தளங்கள் எடுத்தாண்டன. நிபந்தனை இது: பயன்படுத்தலாம், தமக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம்; தலைப்பிலுள்ள பெயர்க்குறிப்பை நீக்கக்கூடாது; விற்கக்கூடாது; கேளாமல் பிறர்க்கு மறுவிநியோகம் செய்யக்கூடாது. கண்ணியமான நிபந்தனைதான். ஆயினும் ஃபார்ம்மெயிலின் ஓட்டைகள் வழியே எரிதக்காரர்கள் புகுந்தபோது, திருத்திய படியை ஊருக்கெல்லாம் வழங்கும் உரிமை திருத்தத் தெரிந்தவர்க்கு இல்லை. லண்டன் பெர்ல் நிரலாளர் குழு ஒன்று அதே பணிகளைச் செய்யும் நிரல்களை அடியிலிருந்து புதிதாக எழுதிக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. ரைட்டே பின்னாளில் தம் தளத்தில் அவற்றைப் பரிந்துரைத்தார். அவருடைய பெருந்தன்மையை இங்கே சொல்லாமல் விடுவது முறையாகாது.

தமிழுக்கு வருவோம். சுவிட்சர்லாந்தின் லோசானில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் உருவாக்கிய ‘மயிலை’ எழுத்துரு, மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு அஞ்சல் ஆகியவற்றோடு நம் தலைமுறையின் மின்னெழுத்து தொடங்குகிறது. பின்னர் முகுந்தராஜின் இ-கலப்பை வந்தது. 2003, 2004 வாக்கில் தமிழில் இணையத்தில் எழுதப் புகுந்தவருள் பாதிப்பேரேனும் அந்தக் கலப்பையால் உழுதவர்கள்தாம். ஆயின் அது ஓடியது ஆஸ்திரேலியாவின் மார்க் டர்டின் எழுதிய ‘கீமேன்’ என்னும் இயந்திரத்தின் மேல். கலப்பை நம்முடையது, மாடு இரவல். இரவல் கொடுத்தவர் மனமுவந்தே கொடுத்தார். என்றாலும் மாட்டுக்கு நோய் வந்தால் நாம் மருந்து கொடுக்க இயலாது. இ-கலப்பையின் மூன்றாம் பதிப்பைத் தன்னார்வலர்கள் முழுவதும் திறந்த நிரலாகவே புதிதாக எழுதினார்கள். 2015இல் எஸ்.ஐ.எல். அமைப்பு கீமேனை வாங்கி, 2017இல் அதன் மூலநிரலையும் திறந்துவிட்டது வேறு கதை.

ஜெர்மனியிலிருந்து சுரதா யாழ்வாணன் ஆக்கிய ‘பொங்குதமிழ்’ எழுத்துருமாற்றியைத் தனியே குறிப்பிட வேண்டும். பாமினியிலும் திஸ்கியிலும் வேறு பலவற்றிலும் தட்டெழுதியதை யூனிகோடாக மாற்றித் தந்த ஒற்றைப் பக்கம் அது. உலாவிக்குள்ளேயே ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் என்பதால் பக்கத்தைச் சேமித்துக்கொண்டவர்க்கு அச்சும் சேர்ந்தே கிடைத்தது. எந்தக் குறி எந்த எழுத்தாகிறது என்ற அட்டவணை அதற்குள்ளேயே கண்ணுக்குத் தெரிந்தது. உரிமம் என்று யாரும் பேசாத நாளிலேயே, தொழில்நுட்பத்தின் இயல்பால் அது திறந்து கிடந்தது.

இதற்கு மாறானதை நாம் பட்டு அறிந்தோம். 1990களின் இறுதியில் நம் துறை மாணவர்கள் வேப்பூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நடவுப் பாட்டுகளையும் ஒப்பாரிகளையும் திரட்டினார்கள். ஒலிநாடாவில் பதிந்து, கேட்டு எழுதி, பிறகு ஓர் இலவச எழுத்துருவில் தட்டெழுதி நெகிழ்வட்டுகளில் சேமித்தோம். எழுத்துருவைத் தந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. தனிப் பயனுக்கு இலவசம். திறந்து பார்ப்பதும் மாற்றுவதும் கூடாது என்பது உடன் வந்த வாசகம். குறியேற்ற அட்டவணையை அவர்கள் வெளியிடவில்லை. அப்போது அது எவருக்கும் குறையாகத் தோன்றவில்லை. திரையில் தமிழ் தெரிந்ததே பெரிய காரியம். ஐந்தாறு ஆண்டுகளில் நிறுவனம் இல்லை, அதன் தளமும் இல்லை, எழுத்துரு புதிய கணினியில் அமரவும் இல்லை. ஒலிநாடாக்களோ முன்பே பூஞ்சணம் பிடித்துப் போயிருந்தன. மிஞ்சியவை, ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் கொம்பு முளைத்த குறிகளுமாகத் தெரிந்த கோப்புகள் மட்டுமே. ஆக, ஒரு தலைமுறைப் பெண்களின் குரல் ஒரு நிபந்தனை வரிக்குப் பின்னால் சிறைப்பட்டது.

நல்வாய்ப்பாக முப்பது நாற்பது பக்கங்களின் அச்சுப்படி ஒரு மாணவரின் வீட்டுப் பரணில் கிடந்தது. படியையும் கோப்பையும் அருகருகே வைத்து, இந்தக் குறி ‘கூ’, இந்தக் குறி ‘றை’ என்று எழுத்தெழுத்தாக அட்டவணை தயாரித்தோம். சிந்துவெளி முத்திரைகளோடு மல்லாடுவோர் மீது அந்த இரண்டு மாதங்களில் நமக்கு மிகுந்த அனுதாபம் பிறந்தது. முக்கால் பங்கு மீண்டது. ஏனைய நெகிழ்வட்டுகளைக் கணினி படிக்கவே மறுத்தது.

அதே ஆண்டுகளில் வேறொரு கொடை எவ்வாறு பிழைத்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ச்சுனனும் ஒருங்கிணைக்க, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி வெளியிட்டார்கள். ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் ஒரு முகப்பு உண்டு. உள்ளீடு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்ற விவரமும், முகப்பைச் சிதைக்காமல் வைத்திருக்கும்வரை கோப்பை எவரும் தடையின்றிப் பரப்பலாம் என்ற அனுமதியும் அதில் இருந்தன. மேட் ரைட்டின் பெயர்க்குறிப்பு நிபந்தனையின் உடன்பிறப்பு இது. ஆனால் அவர் தடுத்த ஒன்றை, பரப்பும் உரிமையை, இது முதலிலேயே தந்துவிட்டது. குறியேற்றமும் ஒளிக்கப்படவில்லை. திஸ்கியில் இருந்த நூல்கள் யூனிகோடுக்கு மாறியபோது ஒரு வரியும் தொலையவில்லை.

தமிழ் படித்தவர்க்கு அந்த முகப்பு புதிதன்று. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர் என எட்டும், காலம், களன், காரணம் என மூன்றும் சிறப்புப் பாயிரத்துக்கு உரியன என்று நன்னூல் வகுக்கிறது. பாயிரம் இழந்த ஏடு கைக்கு வந்தால் ஆசிரியர் யார், காலம் எது என்று பதிப்பாசிரியர்கள் எவ்வளவு அல்லற்பட்டார்கள் என்பதை உ. வே. சாமிநாதையரைப் படித்தவர்கள் அறிவர்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. சுந்தரர் முதுகுன்றத்தில் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த கதை நம் வட்டாரத்துச் சொத்து. ஆற்றில் இடும் முன் அவர் பொன்னில் மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார் என்பதையும் சேக்கிழார் மறவாமல் சொல்கிறார். இட்டதும் எடுத்ததும் ஒன்றா என்று உரைத்துப் பார்க்க அந்த மச்சம் வேண்டியிருந்தது. லோசானில் ஏற்றி வேப்பூரில் இறக்கும் கோப்புக்கு முகப்பே மச்சம். விருத்தாசலத்துக் கடையொன்றில், மதுரைத் திட்டத்து நூல்களை முகப்பை மட்டும் வெட்டி நீக்கிவிட்டுக் குறுந்தகட்டில் விற்றதைக் கண்டிருக்கிறோம். வாங்கிய மாணவருக்கு அது யார் உழைப்பு என்றும் தெரியாது, எந்தப் பதிப்பைத் தழுவியது என்றும் தெரியாது. நம் பார்வையில் இரண்டாவதே பெரிய இழப்பு.

பெயரோ பாயிரமோ கேளாத விடுதலைக்கும் நம்மிடம் முன்னோடி உண்டு. பாரதியின் பாடல்களுக்கான உரிமை ஏவி. மெய்யப்பன் வசம் இருந்து, 1949இல் சென்னை மாகாண அரசின் கைக்கு வந்து, 1955இல் மக்களுக்குப் பொதுவாயிற்று. தமிழக அரசு பின்னர்ப் பல எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கியது. விளைவு இருவகை. பாரதி குறைந்த விலையில் வீடுதோறும் சென்றார். பாடபேதமும் பிழையும் மலிந்த பதிப்புகளும் உடன் சென்றன. எந்தப் படியைத் தழுவினோம் என்று சொல்ல வேண்டிய கடமை பதிப்பாளர்க்கு இல்லை. நாட்டுடைமையை நாம் குறைகூறவில்லை, அது பெருங்கொடை. பாயிரத்தையும் கேட்டிருக்கலாம் என்பதே நம் ஆதங்கம்.

2005 ஏப்ரலில் மத்திய அரசு சி-டாக் நிறுவனத்தின் வழியே இலவசத் தமிழ் மென்பொருள் குறுந்தகட்டை வெளியிட்டது நினைவிருக்கலாம். எழுத்துருக்களோடு தமிழாக்கப்பட்ட ஓப்பன் ஆபீஸும் பயர்பாக்ஸும் அதில் இருந்தன. இவ்விரண்டும் கட்டற்ற உரிமத்தில் பிறந்தவை. தட்டின் மேலுறையும் செய்திகளும் ‘இலவசம்’ என்றே முழங்கின. திருத்தலாம், நகலெடுத்து அண்டை வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று எந்த ஆசிரியரும் எந்த மாணவருக்கும் சொல்லித் தந்ததாக நாம் கேள்விப்படவில்லை. 2011 முதல் தமிழக அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினியிலும் விண்டோஸுக்கு அருகில் பாஸ் லினக்ஸ் குடியிருந்தது. அந்தக் கதவைத் திறந்து பார்த்த மாணவர் நம் வகுப்புகளில் விரல்விட்டு எண்ணத்தக்கவரே.

எழுத்துருக்களின் நிலை பின்னர் சீர்பட்டது. எஸ்.ஐ.எல். அமைப்பின் திறந்த எழுத்துரு உரிமம் 2005இல் முதலிலும் 2007இல் திருத்தமாகவும் வந்தது. ரெட்ஹேட் நிறுவனம் வெளியிட்ட லோகித் எழுத்துருக்கள் 2011இல் இந்த உரிமத்துக்கு மாறின. மலையாளத் தன்னார்வலர்கள் நமக்கு ஆக்கித் தந்த ‘மீரா இனிமை’யும் இதே உரிமத்தது. எழுத்துருவை மாற்றுவோர் மூலப்பெயர் ஒதுக்கப்பட்டிருந்தால் அப்பெயரிலேயே வெளியிடக் கூடாது, வேறு பெயர் சூட்ட வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. முதனூலையும் வழிநூலையும் பிரித்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காக வகைப்படுத்திய தொல்காப்பிய மரபியலைக் கற்பிக்கும் நாளில் இந்த விதியையும் சேர்த்தே சொல்லிவருகிறோம். மாணவர்களுக்கு இரண்டும் எளிதில் விளங்கிவிடுகின்றன.

மீட்ட நடவுப் பாட்டுகளை என்ன நிபந்தனையோடு வெளியிடுவது என்று துறையில் நீண்ட விவாதம் நடந்தது. நாட்டார் பாட்டுக்கு உரிமையாளர் ஏது, முற்றிலும் பொதுவில் விடுவோம் என்றார் ஒருவர். விற்பனையைத் தடை செய்வோம் என்றார் இன்னொருவர். எவரும் எடுத்துக்கொள்ளலாம், அச்சிடலாம், விற்கலாம். பாடியவர் பெயரும் ஊரும் பதிந்த ஆண்டும் கொண்ட முகப்பை நீக்கக்கூடாது. சொல்லை மாற்றினால் மாற்றியதைக் குறிக்க வேண்டும் என்று இறுதியில் முடிவாயிற்று. முகப்பை எழுத அமர்ந்தபோதுதான் தெரிந்தது, படிக்க மறுத்த நெகிழ்வட்டுகளுள் ஒன்றில்தான் பாடியவர்களின் பட்டியல் இருந்தது. ஊர்ப்பெயர்களை மாணவர்கள் நினைவிலிருந்து சொன்னார்கள். பாடியவர்களுள் பதினொருவர் பெயரை மட்டுமே உறுதியாக எழுத முடிந்தது.