மூலக்கல மருத்துவமும் மலையகக் குழந்தைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

கருவிலோ பிறப்பை அண்டிய காலத்திலோ மூளை ஊறுபடுவதனால் குழந்தையின் அவயவங்கள் விறைத்து இயக்கம் குன்றும் நிலையே மூளை முடக்குவாதம் எனப்படுகின்றது. 1861இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஜோன் லிற்றில் இதனைக் கடினமான பிரசவத்தோடும் குறைமாதப் பிறப்போடும் தொடர்புபடுத்தினார். 1897இல் சிக்மண்ட் பிராய்ட், ஊறு கருவிலேயே தொடங்கியிருக்கலாம் என வாதிட்டார். உளவியலின் பிராய்ட் முதலில் நரம்பியல் மருத்துவர் என்பது பலர் மறந்த செய்தி. பிற்கால ஆய்வுகள் பிராய்டின் பக்கமே மிகுதியும் சாய்ந்துள்ளன. எனினும் பிரசவப் பராமரிப்புக் குன்றிய இடங்களில் லிற்றிலின் கூற்று வலுவிழக்கவில்லை. மலையகம் நெடுங்காலம் அத்தகைய இடமாகவே இருந்தது.

தோட்டப் பகுதிகளுக்கான மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் 1872இல் பிறந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளை பெற்ற தாய்க்கு 30 நாள் உணவும் ஓய்வும் அளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமீது சுமத்தியது. ஏட்டில் இருந்ததெல்லாம் லயத்தை எட்டியதெனக் கொள்ளுதல் இயலாது. லயத்து அறையிலே மருத்துவச்சியின் கையில் பிறந்தோர் பலர். பொல்பிட்டியவின் வரலாறு இதற்கு நல்லதோர் உரைகல்லாகும். 1969இல் அங்கு 75 மெகாவாற் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. பிறந்த குழந்தையின் கடும் மஞ்சட்காமாலை மூளையைத் தாக்காது ஒளியினால் தடுக்கலாமென்பது 1958இலேயே இங்கிலாந்தில் வெளியிடப்பட்டிருந்தது. ஆயினும் மின்சாரம் பிறந்த மலைகளிலேயே லயங்கள் பல மண்ணெண்ணெய் விளக்கில் இருந்தன.

மூலக்கலம் பற்றிய அறிவு வேறு வழியாக வளர்ந்தது. 1961இல் கனடாவின் ரில், மக்கலக் ஆகிய இருவரும் குருதியின் மூலக்கலங்களை ஆய்வில் நிறுவினர். 1988இல் பாரிசில் தொப்புட்கொடிக் குருதி முதன்முறையாக ஒரு சிறுவனுக்கு ஏற்றப்பட்டது. அது குருதி நோய்க்கானது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம், மூளை முடக்குவாதமுற்ற 1 முதல் 6 வயதுக் குழந்தைகள் 63 பேருக்கு அவரவர் தொப்புட்கொடிக் குருதியை ஏற்றி ஆராய்ந்து 2017இல் முடிவை வெளியிட்டது. ஓராண்டின் பின் மருந்து பெற்றோருக்கும் பெறாதோருக்கும் பொதுவில் வேறுபாடு காணப்படவில்லை. கூடிய அளவு கலங்கள் பெற்றோர் மட்டுமே எதிர்பார்த்ததினும் முன்னேறினர். அதே ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், குருதி நோய்கள் போன்ற சிலவற்றைத் தவிர ஏனையவற்றுக்கு மூலக்கலத்தை ஆய்வாக அன்றிச் சிகிச்சையாக வழங்கலாகாதென வரையறுத்தது.

இங்கு ஒரு முரண் நோக்கற்பாலது. தன் குருதியைப் பெறும் குழந்தைக்கு அது பிறந்த கணத்திலேயே சேமிக்கப்பட்டிருத்தல் வேண்டும். சென்னையில் அத்தகைய தனியார் சேமிப்பகம் 2004இல் தோன்றியது. கட்டணம் செலுத்த வல்லோர்க்கே அது பயன்பட்டது. எந்தப் பிரசவத்தில் ஊறு நேரும் வாய்ப்பு அதிகமோ, அந்தப் பிரசவத்தின் கொடியே மண்ணுட் புதைந்தது.

பிறநாட்டுச் சிகிச்சை இங்கும் பலிக்குமெனக் கொள்வதும் பொருந்தாது. மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தையைக் குளிர்வித்து மூளையைக் காக்கும் முறை மேலைநாடுகளில் பயன் தந்தது. இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளில் 408 குழந்தைகளிடம் ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட முடிவோ, குளிர்வித்தோரிடையே இறப்பே மிகுந்ததெனக் காட்டிற்று.

டிக்கோயாவில் 2017 மே மாதம் இந்திய உதவியுடன் 150 படுக்கைகள் கொண்ட புதிய வைத்தியசாலைக் கட்டடம் திறக்கப்பட்டது. முதலிரு வயதிற்குள் தொடங்கும் இயன்மருத்துவத்திற்கு நகையை விற்றுக் கடல் கடக்க வேண்டுவதில்லை. ஆனால் அதற்காகத் தாய் ஒருத்தி கொழுந்துக் கூலியை இழந்து, பிள்ளையைத் தோளிற் சுமந்து, வாரந்தோறும் பேருந்தேற வேண்டியிருக்கிறது.