தேள்புல்லும் நான் சொல்லிக்கொடுத்த தவறும்



கேதார்நாத் போனபோது, கௌரிகுண்டைத் தாண்டிய மலைப்பாதையில் மூச்சு வாங்க ஓரமாக நின்றேன். கை ஒரு செடியில் உரசியது. சுருக்கென்று தேள் கொட்டியது போல் வலி. குதிரைக்காரப் பையன் சிரித்துக்கொண்டே, "பிச்சு காஸ்" என்றான். பிச்சு என்றால் தேள். காஸ் என்றால் புல். நம்மூர்க் காஞ்சொறி போலவே சுணை. குடும்பம் மட்டும் வேறு.

கடுவால் மக்கள் இதைக் கண்டாலி என்கிறார்கள். கொழுந்தை வேகவைத்தால் சுணை போய்விடும். கீரையாகக் கடைந்து சாப்பிடுகிறார்கள். சுளுக்குக்கும் மூட்டுவலிக்கும் கைவைத்தியம் இதுதான். திபெத்திய மருத்துவத்திலும் இதற்கு இடம் உண்டு. 11ஆம் நூற்றாண்டில் பிறந்த திபெத்தியத் துறவி மிலரேபா, குகையில் இதையே தின்று தவம் செய்ததால் உடம்பே பச்சையாகிவிட்டது என்பது 1488இல் எழுதப்பட்ட அவர் வரலாறு. அதனால்தான் பல ஓவியங்களில் அவருக்குப் பச்சை நிறம்.

இனி என் கதை. இந்தச் செடியின் வலிக்குக் காரணம் எறும்பிலுள்ள ஃபார்மிக் அமிலம் என்று ஆண்டுதோறும் உங்களுக்கு நடத்தினேன். பாடநூல்கள் பலவற்றில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. ஒரு வருடம் கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "அவ்வளவு சின்ன முடிக்குள்ள எவ்வளவு அமிலம் சார் இருக்கும்?" என்று கேட்டான். "புஸ்தகத்துல உள்ளதைப் படி, உட்கார்" என்றேன்.

ஊர் திரும்பியதும் படித்துப் பார்த்தேன். வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க், யூதர் என்பதற்காக 1933இல் பெர்லினில் வேலையிலிருந்து நீக்கப்பட்டு இங்கிலாந்து போன விஞ்ஞானி. அவரும் எம்மெலின் என்பவரும் 1947இல் இந்தச் செடி இனத்தின் சுணையை ஆராய்ந்து, அதில் ஹிஸ்டமினும் அசிட்டைல்கோலினும் இருப்பதைக் காட்டினார்கள். 1956இல் செரட்டோனினும் கண்டறியப்பட்டது. சுணையின் நுனி கண்ணாடி போன்ற சிலிக்கா. தொட்டதும் ஒடிந்து, ஊசி போட்டது போல இவற்றை உள்ளே செலுத்திவிடுகிறது. அமிலம் இருந்தாலும், அந்த வலிக்கு அந்த அளவு போதாது.

நான் வேலைக்குச் சேரும் முன்பே வந்துவிட்ட விடை அது. தேடாதது என் தவறு. அன்று சரியாகக் கேட்டவன் அந்தப் பையன்தான்.

தம்பி, இதை நீ படித்தால் ஒரு வரி எழுது. உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கேள்வி கேட்கும் பிள்ளையை உட்காரச் சொல்லாதீர்கள்.

நலமோடு இருங்கள்.