தழும்பு தேடிய பரிசோதனை: மருத்துவமனைப் பணியாளர்களும் கொரோனா எதிர்ப்பொருள் ஆய்வும், 2020–2021

முன்னுரை

கொரோனா பெருந்தொற்றின் தொடக்க மாதங்களில், தம் பணியாளர்களில் எத்தனை பேருக்குத் தொற்று வந்து போனது என்பது மருத்துவமனைகளுக்கே தெரியவில்லை. ஆர்டி-பிசிஆர் பரிசோதனை அப்போதைய தொற்றை மட்டுமே காட்டும். அறிகுறியின்றி வந்து போன தொற்றின் தழும்பு, ரத்தத்திலுள்ள ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருளில்தான் எஞ்சியிருக்கும். நோயறியும் கருவியாக அறிமுகமாகித் தோற்ற எதிர்ப்பொருள் பரிசோதனை, மருத்துவமனைக்குள் ஆபத்து யாரைச் சூழ்ந்திருந்தது என்பதைக் காட்டும் அளவுகோலாக மாறியதை இக்கட்டுரை ஆராய்கிறது.

விரைவுக் கருவிகளின் தோல்வி

2020 ஏப்ரலில் சீனாவிலிருந்து வாங்கிய விரைவு எதிர்ப்பொருள் பரிசோதனைக் கருவிகள் இந்திய மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டன. அவற்றின் துல்லியம் 5.4 சதவீதம்தான் என்று ராஜஸ்தான் புகார் கூறியது. ஏப்ரல் 21 அன்று பயன்பாட்டை நிறுத்திவைக்கச் சொன்ன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், ஏப்ரல் 27 அன்று கருவிகளைத் திருப்பியனுப்பச் சொன்னது. தரக்குறைவு மட்டுமே சிக்கல் அன்று. எதிர்ப்பொருள் உருவாக ஓரிரு வாரங்கள் ஆகும் என்பதால், புதிதாகத் தொற்றியவரை இப்பரிசோதனை தவறவிட்டுவிடும்.

கணக்கும் எச்சரித்தது. தொற்றியவரில் 90 சதவீதத்தினரையும் தொற்றாதவரில் 98 சதவீதத்தினரையும் சரியாக இனங்காணும் நல்ல கருவி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். 1 சதவீதத் தொற்றுள்ள 10,000 பேரிடம் அது 90 பேரைச் சரியாகவும் 198 பேரைத் தவறாகவும் 'பாசிட்டிவ்' என்று சொல்லும். 25 சதவீதத் தொற்றுள்ள இடத்தில் சரியான முடிவு 2,250, தவறானது 150. தொற்று மிகுந்த மருத்துவமனைகளில் இப்பரிசோதனை பொருளுள்ளதாக ஆனது இதனால்தான்.

2020 மே மாதம் புனேயின் தேசிய வைராலஜி நிறுவனம் 'கோவிட் கவச்' எலைசா என்னும் எதிர்ப்பொருள் பரிசோதனை முறையை உருவாக்கியது. செயலிழக்கச் செய்த வைரஸ் பூசிய சிறு குழிகளில் ரத்தத்தின் சீரத்தை இட்டுக் கழுவினால், எதிர்ப்பொருள் இருந்தால் மட்டும் அது ஒட்டிக்கொள்ளும். பிறகு சேர்க்கும் நொதி நிறத்தைக் காட்டும். இரண்டரை மணி நேரத்தில் 90 மாதிரிகளைப் பார்த்துவிடலாம்.

மருத்துவமனைக்குள் ஆபத்தின் வரைபடம்

2020 ஏப்ரல் 24, 25 தேதிகளில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் அறிகுறியின்றிப் பணியிலிருந்த 545 பேர் ஆராயப்பட்டனர். எதிர்ப்பொருள் சோதனைக்கு உட்பட்டோரில் 24.4 சதவீதத்தினரிடம் எதிர்ப்பொருள் இருந்தது. துப்புரவுப் பிரிவில் அது 34.5 சதவீதம், தீவிர சிகிச்சைப் பிரிவில் 14.8 சதவீதம்தான். ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனைகளின் ஆய்வும் இதையே உறுதிசெய்தது: நோயாளிகளைத் தள்ளிச் செல்வோருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் ஆபத்து மிகுதி; முழுக் கவசம் அணிந்த தீவிர சிகிச்சைப் பணியாளருக்கு ஒப்பீட்டளவில் குறைவு.

அடுத்த கேள்வி, எதிர்ப்பொருள் காக்குமா என்பது. ஆக்ஸ்ஃபோர்டில் ஏறத்தாழ ஆறு மாதக் கண்காணிப்பில், எதிர்ப்பொருள் இல்லாத 11,364 பேரில் 223 பேருக்குத் தொற்று உறுதியானது. எதிர்ப்பொருள் இருந்த 1,265 பேரில் இருவருக்கு மட்டுமே உறுதியானது. இருவருக்கும் அறிகுறி இல்லை. மருத்துவப் பணியாளர்களைத் தொடர்ந்து கவனித்த பிரிட்டனின் 'சைரன்' ஆய்வு, முந்தைய தொற்று மறுதொற்றின் வாய்ப்பை 84 சதவீதம் குறைத்ததாக 2021 ஏப்ரலில் வெளியிட்டது.

இந்திய அளவாய்வும் தடுப்பூசியும்

இந்தியாவின் தேசிய எதிர்ப்பொருள் அளவாய்வுகளில் சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் முன்னின்று பணியாற்றியது. 2020 டிசம்பர்–2021 ஜனவரியில் நடந்த மூன்றாம் சுற்றில் பத்து வயதுக்கு மேற்பட்ட மக்களிடம் 21.5 சதவீதமும், சுகாதாரப் பணியாளரிடம் 25.7 சதவீதமும் எதிர்ப்பொருள் காணப்பட்டது. 2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசி முதலில் இப்பணியாளருக்கே தொடங்கியது. ஜூன்–ஜூலையில் நடந்த நான்காம் சுற்றில் அவர்களது விகிதம் 85.2 சதவீதமாக உயர்ந்தது.

தடுப்பூசியும் எதிர்ப்பொருளைத் தூண்டும் என்பதால், இந்த எண்ணைத் தொற்றின் அளவாகக் கொள்ள முடியாது. கோவிஷீல்டு தடுப்பூசி வைரஸின் ஸ்பைக் புரதத்துக்கு மட்டுமே எதிர்ப்பொருளைத் தூண்டுவதால், நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கான எதிர்ப்பொருளைத் தேடித் தொற்றைப் பிரித்தறியலாம். முழு வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரித்த கோவாக்சின் போட்டவரிடம் அந்த வழியும் தெளிவான விடை தராது.

முடிவுரை

தனிமனிதரின் நோயை அன்றே அறிவதற்கு உதவாத பரிசோதனை, ஒரு நிறுவனத்தின் நிலையை அறிய உதவியது. அதிக ஆபத்து என்று கருதப்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவில் தொற்று குறைந்திருந்ததற்குக் கவச உடையும் கட்டுப்பாடுகளும் காரணமாயிருக்கலாம். துடைப்பம் ஏந்தியவர்களையும் சக்கர நாற்காலி தள்ளியவர்களையும் தொற்று கூடுதலாகத் தாக்கியது. அடுத்த பெருந்தொற்றில் கவச உடையும் பரிசோதனையும் தடுப்பூசியும் பதவியின் வரிசைப்படி அன்றி, ஆபத்தின் வரிசைப்படி வழங்கப்பட வேண்டும். தூய்மைப் பணியாளரை அந்த வரிசையின் முன்னே நிறுத்துவது மருத்துவமனை நிர்வாகங்களின் கடமை.