புறம்போக்கு என்று நான் திட்டிய பிள்ளைகளுக்கு



திருவொற்றியூரில் வரலாறு நடத்திய காலத்தில், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவனை எல்லாம் "புறம்போக்கு" என்று திட்டியிருக்கிறேன். காட்டுக்குப்பத்துப் பையன் ஒருவன் எழுந்து, "சார், எங்க வலை காயவெக்கிற இடமே புறம்போக்குதான் சார்" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். எதிர்த்துப் பேசினான் என்று அவனை வெளியே நிற்கவும் வைத்தேன்.

அவன் சொன்னதுதான் வரலாறு. வருவாய்க் கணக்கில் புறம்போக்கு என்றால் வரிவிதிப்புக்குப் புறம்பான நிலம். ஏரி, ஆறு, மேய்ச்சல், சுடுகாடு, வண்டிப்பாதை எல்லாம் அதில் அடக்கம். யார் பெயரிலும் பட்டா கிடையாது, அதனால் எல்லோருக்கும் பொது. வரி வராத நிலம் என்பது உதவாத நிலமாகி, கடைசியில் மனிதனுக்கு வசவாகிவிட்டது.

இதை எனக்கு உறைக்க வைத்தது ஒரு பாட்டு. 2017 ஜனவரியில் டி.எம்.கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்கு பாடல்'. எழுதியவர் கபேர் வாசுகி. நம் மெட்ராஸ் பேச்சு ஆனந்தபைரவி, பேகடா என்று கச்சேரி ராகங்களில் போகிறது. (சபாக்காரரான என் மைத்துனர் முதலில் முகம் சுளித்தார். இப்போது முணுமுணுக்கிறார்.) ஆனால் என்னை உலுக்கியது படம்பிடித்த இடம். எண்ணூர் கழி. பாடுகிறவருக்குப் பின்னால் அனல்மின் நிலையம்.

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் ஓடத் தொடங்கியபோது பெருமைப்பட்டவன் நான். அந்த வெளிச்சத்தில்தான் உங்கள் விடைத்தாள்களைத் திருத்தினேன். அதனால் ஒதுங்கி நின்று குறை சொல்ல எனக்கு வாயில்லை. 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. நிலக்கரி எரிந்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்புவார்கள். குழாய் கசிந்தால் கொசஸ்தலையாற்றில் இறங்கும். படிந்து படிந்து கழி மேடாகும். பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு சேற்றில் தடவி இறால் பிடிக்கிறவர்கள் கைக்குச் சாம்பல்தான் வரும்.

பாட்டு வந்த அதே மாதம், 28-ஆம் தேதி அதிகாலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர் கரை கறுத்துப்போனது. இத்தனை இயந்திரங்கள் இருக்கும் ஊரில் அதை வாளியால் அள்ளினார்கள். அன்றைக்குத்தான் அந்தப் பையனின் முகம் நினைவுக்கு வந்தது.

காட்டுக்குப்பத்துத் தம்பி, உனக்கு இப்போது ஐம்பது வயதாவது இருக்கும். உன்னை வெளியே நிறுத்தியது என் தப்பு. உன் கூடப் படித்தவர்கள் யாராவது இதை அவனுக்குக் காட்டுங்கள். வலை காயவைத்த அந்த இடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள்.