பள்ளி மணிக்குப் பின்

பள்ளிக்கு நிலம் தந்தவர், கட்டடம் எழுப்பியவர், அடிக்கல் நாட்டியவர் ஆகியோரின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அப்பள்ளியில் பாடம் சொன்னவர் மாலையில் எவ்வாறு வீடு திரும்பினார், அங்கே அவருக்காக யார் காத்திருந்தார் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. வெள்ளி விழா மலரில் அதைச் சிறிதேனும் சொல்ல விழைகின்றோம்.

கொள்ளிடத்தின் வடக்கே சிதம்பரத்தில் 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவியவர் சுவாமி சகஜானந்தர். ஆரணிக்கு அண்மையிலுள்ள மேல்புதுப்பாக்கத்தில் 1890-இல் முனுசாமியாகப் பிறந்த அவர் துறவு பூண்டார். பள்ளியும் விடுதியுமே அவருக்கு இல்லமாயின. சட்டமன்றப் பொறுப்பையும் உடன் சுமந்து, 1959-இல் மறையும் வரை உழைத்தார். அவரை எண்ணுந்தோறும் நம் நெஞ்சு நிமிர்கின்றது. ஆனால் அத்தகைய பள்ளிகளில் கற்று ஆசிரியரானோர் துறவியர் அல்லர். மனைவி மக்களோடும் முதிய பெற்றோரோடும் வாழ்ந்தவர்கள். அவர்களையும் துறவியின் அளவுகோலாலேயே அளந்தோம். அது நம் பிழை.

தஞ்சை வயல்நாட்டில் ஆசிரியர் பணிக்குக் கடிகாரம் போதாது. 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின், ஆற்றில் தண்ணீர் விடும் சூன் திங்களே பள்ளி திறக்கும் திங்களாகவும் அமைந்தது. குறுவை நடவுக்குத் தாய் வயலில் இறங்குவாள். கைக்குழந்தையைக் காக்க மூத்த பெண் வீட்டிலேயே நின்றுவிடுவாள். ஆகவே சேரிப் பள்ளியின் ஆசிரியர் மணி அடிக்கும் முன்பே வீடு வீடாகச் சென்று பிள்ளைகளை அழைத்து வரவேண்டும். மாலையில் மனு எழுதித் தரவேண்டும். இரவில் அரிக்கேன் விளக்கொளியில் பெரியவர்க்கு எழுத்துக் கற்பிக்கவேண்டும். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அதைப் படித்துச் சொல்லவும் எழுத்தறிந்த ஒருவர் வேண்டியிருந்தது. ஊர்த் தெருவில் வாடகை வீடு மறுக்கப்பட்டமையால் பல கல் நடந்தே பள்ளி சேர்ந்தோரும் உண்டு.

1953-இல் இராசாசி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் அரைநாள் முறையைக் கொணர்ந்தது. அதைக் குலக்கல்வி என நாடு எதிர்த்ததை யாவரும் அறிவர். பிள்ளைகள் நாளுக்கு மூன்று மணி நேரம் பயில, ஆசிரியர் இரு வேளையும் இரு தொகுதியினர்க்குப் பாடம் சொல்ல நேர்ந்ததை நினைப்போர் சிலரே. 1954-இல் காமராசர் அதைக் கைவிட்டார். உதவி பெறும் பள்ளி ஆசிரியர்க்கும் ஓய்வூதியம் 1955-இல் வந்தது. ஆசிரியர்க்கும் முதுமை உண்டு என்பதை அரசு ஏற்ற ஆண்டு அது. ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981 சூன் முதல் நாளில் அரசு ஊழியராயினர்.

ஆசிரியையரின் நிலை வேறு. இங்கிலாந்தில் திருமணமான ஆசிரியையைப் பணிநீக்கும் வழக்கத்தை 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஒழித்தது. இங்கோ சட்டத்தைக் காட்டிலும் அடுப்படியே அவர்களை அதிகம் தடுத்தது. தமிழ்நாட்டு அரசு ஊழியப் பெண்களுக்கு மகப்பேறு விடுப்பு ஓராண்டாக உயர்ந்தது 2021-இல்தான்.

நம் கழகத்தின் செய்தி ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. மாலை வகுப்புக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கும் நம் ஆசிரியர்களையே ஓயாது அழைத்தோம். "நம்ம பிள்ளைங்கதானே" என்ற ஒரு சொல்லால் அவர்தம் மறுப்பை வாயடைத்தோம். ஓர் ஆசிரியையின் மகன் பத்தாம் வகுப்பில் தோற்றான். அவர் நம்மிடம் ஒன்றும் கூறவில்லை. அவருடைய தாயார்தாம் வந்து, "ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் பாடம் சொல்றா, பெத்த பிள்ளைக்கு உக்காரப் பொழுதில்ல" என்றார். மறுமொழி சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

அதன்பின் பட்டம் பெற்ற இளைஞர்கள் முறைவைத்து மாலை வகுப்பெடுக்க முடிவு செய்தோம். ஒருவருக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டுமே. பெயர்ப்பட்டியல் கழக அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது. வியாழக்கிழமைக்கு நேரே இன்னும் பெயர் எழுதப்படவில்லை.