கச்சான் காற்றும் மடக்குக் கூடாரமும்: வெயிலில் வாகனம் கழுவுவோர் அறிந்திருக்க வேண்டியவை

கடந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு நாட்கள் இருந்தபோது, என் மனைவியின் தம்பி கைபேசியில் அழைத்தார். "மச்சான், கூடாரம் பறந்து கார்ல விழுந்திட்டு. கொஞ்சம் வாங்களன்."

நான் போய்ப் பார்த்தபோது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வெகன் ஆர் கார் சவர்க்கார நுரையோடு நின்றது. பின்கதவில் ஒரு பள்ளம். பொனட்டில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல். கூடாரம் பக்கத்து வேலியில் கால்கள் முறிந்து கிடந்தது. ஆசிரியர் கோபப்படவில்லை. "என்ன செய்ற தம்பி, காற்றுத்தானே" என்றார். ஆனாலும் தட்டி நிமிர்த்தி பெயின்ட் அடிக்க மச்சானின் இரண்டு வார உழைப்புப் போய்விட்டது. அந்தப் பெருநாளுக்கு அவருடைய பிள்ளைகளுக்குப் புது உடுப்பு வாங்கியது கடனில்தான்.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நமது கரையோர ஊர்களில் இப்போது இந்த மடக்குக் கூடாரங்கள் அதிகம் தென்படுகின்றன. வீடு தேடிச் சென்று வாகனம் கழுவிப் பொலிஷ் பண்ணும் இளைஞர்கள் பலருக்கு அதுவே கடை, அதுவே கூரை. அதை எப்படித் தெரிவு செய்வது, எப்படி நிறுத்துவது என்று சொல்லிக் கொடுக்க ஆளில்லை. மச்சானுக்கு நடந்தது வேறொருவருக்கு நடக்கக் கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

நிழல் ஏன் தேவை?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய வாகனங்களின் விலை எங்கோ போய்விட்டது. கையில் உள்ள வாகனத்தைப் புதிது போல வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மவர்களிடம் அப்போதுதான் ஊன்றியது. பெயின்டின் மினுக்கம் விற்கும்போது பணமாகிறது.

அந்த மினுக்கத்துக்கு முதல் எதிரி வெயிலில் கழுவுவது. நண்பகல் வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் தகடு 60 பாகை செல்சியசையும் தாண்டிச் சூடாகும். அதன்மேல் ஊற்றிய ஷம்பூ, துடைப்பதற்கு முன்பே காய்ந்து திட்டுத் திட்டாய்ப் படியும். நமது கரையோரத்துக் கிணற்று நீரிலும் குழாய்க்கிணற்று நீரிலும் கல்சியம், மக்னீசியம், உப்பு ஆகியவை கரைந்திருக்கின்றன. நீர் ஆவியாகும்போது அவை பின்தங்கி வெள்ளைப் புள்ளிகளாக ஒட்டிக்கொள்கின்றன. பல நாட்கள் விட்டால் பெயின்டின் மேல்பூச்சையே அரிக்கும்.

வக்ஸ், செரமிக் பூச்சு போன்றவை இன்னும் நுட்பமானவை. சூடான தகட்டில் அவை பரவ நேரமில்லாமல் இறுகிவிடும். பிறகு அந்தத் திட்டுகளைத் தேய்த்தெடுப்பது பூசுவதை விடக் கஷ்டம்.

வேலை செய்பவரின் உடம்பையும் மறக்கக் கூடாது. கிழக்கு மாகாணத்துக்கு வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடுவது ஒவ்வொரு வருடமும் நடப்பதுதான். அந்த நாட்களில் நான்கு மணிநேரம் குனிந்து நின்று தேய்ப்பவருக்கு நிழல் என்பது ஆடம்பரமல்ல.

மரநிழல் போதாதா என்று கேட்கலாம். வேம்பின் கீழ் பறவை எச்சமும் பிசினும் விழும். தென்னையின் கீழ் என்ன விழும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

எந்த அளவு? எந்த நிறம்?

சந்தையில் அதிகம் கிடைப்பது 10க்கு 10 அடி, அதாவது 3 மீற்றர் சதுரம். முச்சக்கர வண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இது தாராளம். ஆனால் அல்டோ, வெகன் ஆர் போன்ற சிறிய கார்களே சுமார் 3.4 மீற்றர் நீளமானவை. முன்னாலோ பின்னாலோ ஒரு பகுதி வெயிலில் நிற்கும். காருக்கு 10க்கு 15 அடி வேண்டும். வான் கழுவுபவருக்கு 10க்கு 20 அடி.

துணியில் 420டி, 600டி என்று எழுதியிருப்பார்கள். அது நூலின் தடிப்பைக் குறிக்கும். இலக்கம் கூடினால் துணி தடிப்பு. உட்புறம் வெள்ளிப் பூச்சு இருந்தால் வெயிலை மேலும் தடுக்கும். கால்களைப் பொறுத்தவரை, இரும்பு மலிவு. ஆனால் நமது உப்புக் காற்றில் பெயின்ட் கீறுப்பட்ட இடத்திலிருந்து துரு தொடங்கிவிடும். அலுமினியம் விலை கூட, துருப்பிடிக்காது. எதை வாங்கினாலும் குறுக்குக் கம்பிகள் சேரும் மூட்டுகளைப் பாருங்கள். மெல்லிய பிளாஸ்ரிக் மூட்டுத்தான் முதலில் உடையும்.

நிறத்தில் பலர் தவறு விடுகிறார்கள். சிவப்பு, நீலக் கூடாரங்களின் கீழ் வெளிச்சமும் சிவப்பாகவோ நீலமாகவோ விழும். அந்த வெளிச்சத்தில் மெல்லிய கீறல்களும் பொலிஷ் படிந்த இடங்களும் கண்ணுக்குத் தெரியாது. வாகனத்தை வெளியே எடுத்த பிறகு வாடிக்கையாளர்தான் முதலில் காண்பார். வெள்ளை அல்லது இளஞ்சாம்பல் நல்லது.

நிழல் நகரும்

நமது கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. காலை 9 மணியளவில் அது ஏறத்தாழ 45 பாகை உயரத்தில் நிற்கும். கூரை விளிம்பு 2 மீற்றர் உயரமும் பொனட் 1 மீற்றர் உயரமும் என்றால், நிழல் ஒரு மீற்றர் மேற்கே தள்ளி விழும். கூடாரத்தை வாகனத்துக்கு நேர் மேலே நிறுத்தினால் கிழக்குப் பக்கம் ஒரு மீற்றர் வெயில் படும்.

இதற்கு எளிய வழி உண்டு. வாகனத்தைக் கிழக்கு மேற்காக நிறுத்துங்கள். கூடாரத்தின் கால்கள் வடக்கிலும் தெற்கிலும் வாகனத்தின் இரு பக்கமாக வரும். காலையில் கூடாரத்தைக் கிழக்கே ஒரு மீற்றர் தள்ளலாம், பின்னேரம் மேற்கே தள்ளலாம். கால் வாகனத்தில் இடிபடாது. நம்முடைய ஊர்களில் பிரதான வீதி வடக்குத் தெற்காகவும் கடற்கரைக்குப் போகும் குறுக்கு வீதிகள் கிழக்கு மேற்காகவும் இருப்பதால், இது பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும்.

கதவைத் திறக்கும்போது மட்டும் கவனம். 3 மீற்றர் அகலக் கூடாரத்தில் ஒன்றரை மீற்றர் அகலக் கார் நின்றால் ஒரு பக்கத்துக்கு முக்கால் மீற்றர்தான் மிஞ்சும்.

காற்றுக்கு ஒரு கணக்கு

10க்கு 10 கூடாரத்தின் கூரை 9 சதுர மீற்றர். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் வரும் காற்று அத்தனை பரப்பையும் நேராகத் தாக்கினால் அதன் விசை சுமார் 55 கிலோ எடைக்குச் சமம். கூடாரத்தின் சொந்த எடையோ பெரும்பாலும் 15 முதல் 25 கிலோ. காற்றின் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 54 கிலோமீற்றரிலேயே 120 கிலோவைத் தாண்டிவிடும். பக்கச் சீலை கட்டியிருந்தால் காற்றுக்கு இன்னும் பிடி கிடைக்கும்.

மச்சான் கட்டியிருந்தது கூடாரத்தோடு வந்த சிறிய ஆணிகளை. இறுகிய மண்ணில் அவை பிடிக்கும். நமது கடற்கரை மணலில் வெண்ணெயில் குத்திய ஊசி மாதிரி வந்துவிடும். ஆனி மாதத்துக் கச்சான் காற்று ஒரே சீராக அடிக்காது. சும்மா இருந்துவிட்டு மேற்கிலிருந்து சூட்டோடு திடீரென்று வரும். அன்றும் அப்படித்தான் வந்தது.

எனவே:

ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது 20 கிலோ பாரம் கட்டுங்கள். 20 லீற்றர் கேனில் நீர் நிரப்பினால் கணக்குச் சரி. மணல் நிரப்பினால் 30 கிலோ அளவில் வரும்.

பாரத்தைக் காலின் அடியில் வைத்தால் மட்டும் போதாது. கூரையின் மூலையிலிருந்து கயிறு இறக்கி இழுத்துக் கட்டுங்கள்.

மணலில் ஆணிக்குப் பதிலாக, மணல் நிரப்பிய உரப்பையை முழங்கை ஆழத்துக்குப் புதைத்து அதில் கயிற்றைக் கட்டலாம்.

கயிற்றை ஒருபோதும் வாடிக்கையாளரின் வாகனத்தில் கட்டாதீர்கள்.

இத்தனையும் செய்தாலும் மொத்தப் பாரம் 100 கிலோவைச் சுற்றித்தான் வரும். பலத்த காற்றுக்கு அது போதாது. வீதியில் தூசியும் கடதாசியும் எழும்பத் தொடங்கினால் கூடாரத்தை இறக்கும் நேரம் வந்துவிட்டது. சிறிய மரங்கள் ஆடும்வரை காத்திருக்க வேண்டாம்.

மாரிக்காலத்தில் வேறு ஆபத்து. கூரை தளர்ந்து குழி விழுந்தால் நீர் தேங்கும். ஒரு சதுர மீற்றரில் 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தேங்கினாலே 50 கிலோ. துணியை இழுத்துக் கட்டி, மழை நேரத்தில் உள்ளிருந்து தள்ளி நீரை வடித்துவிடுங்கள்.

மின்சாரமும் கழிவு நீரும்

உலோகக் கால், ஈரத் தரை, அழுத்த நீர் பம்ப், நீட்டு வயர். இந்த நான்கும் ஓரிடத்தில் சேர்கின்றன. ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யும் இணைப்பிலிருந்து மட்டுமே மின்சாரம் எடுங்கள். வயரின் மூட்டு தரையில் கிடக்கக் கூடாது. ஒடுக்கமான வீதிகளில் கூடாரத்தை உயர்த்துமுன் மேலே மின்கம்பி போகிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

வாகன சேர்விஸ் நிலையங்கள் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற வேண்டியவை. வீட்டு முற்றத்தில் ஒரு கார் கழுவுவது அந்த அளவுக்கு வராவிட்டாலும், எண்ணெயும் சவர்க்காரமும் மணலுக்குள் இறங்கினால் போய்ச் சேருவது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குத்தான். எஞ்சினைக் கழுவும் வேலையைச் சேர்விஸ் நிலையத்துக்கு விட்டுவிடுங்கள்.

வேலை முடிந்த பிறகு

ஈரத்தோடு மடித்தால் துணியில் பூஞ்சணம் பிடிக்கும். விரித்துக் காயவைத்து மடியுங்கள். கிழமைக்கு ஒருமுறை கால்களை நல்ல தண்ணீரால் கழுவி உப்பைப் போக்குங்கள். மூட்டுகளுக்குக் கிறீஸ் பூசினால் மணல் ஒட்டி அரைக்கும். சிலிக்கன் ஸ்பிரே போதும்.

மச்சான் இப்போது வேறு கூடாரம் வாங்கியிருக்கிறார். வெள்ளை நிறம், 10க்கு 15. நான்கு கால்களுக்கும் மணல் கேன். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் அவரைக் காணப் போனேன். கூடாரம் மடித்துக் கிடந்தது. பாதி கழுவிய வான் ஒன்று வெயிலில் நின்றது. "என்ன, நிழல் இல்லாமல் கழுவுறீங்க?" என்றேன்.

அவர் வீதியைக் காட்டினார். ஒரு ஷொப்பிங் பை சுழன்று மேலே போய்க்கொண்டிருந்தது. "காற்று நிற்கட்டும் மச்சான். வான்காரருக்கு அசருக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கேன்."